43, 55, 64: இதில் அப்பாவின் எண் எது?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 67. கழுத்தில் நெறி கட்டியது போல ஒரு கட்டி வந்தது. இரண்டு மாதம் ஆன்டிபயாடிக் கொடுத்தும் கரையவில்லை. பிறகு பயாப்ஸி செய்ததில் 'டிஃப்யூஸ் லார்ஜ் பி செல் லிம்ஃபோமா' என்று வந்திருக்கிறது. ஸ்கேன் பார்த்துவிட்டு மூன்றாம் ஸ்டேஜ் என்கிறார்கள். எல்டிஹெச் இயல்பைவிடக் கொஞ்சம் கூடுதல். சீக்கிரம் களைத்துவிடுகிறார், ஆனாலும் தன் வேலைகளைத் தானே பார்த்துக்கொள்கிறார். அடுத்த வாரம் கீமோ தொடங்குகிறது. இணையத்தில் தேடினால், இவரைப் போன்றவர்கள் பிழைத்திருக்கும் வாய்ப்பு ஓரிடத்தில் 43 சதவீதம், ஓரிடத்தில் 55, இன்னோரிடத்தில் 64 என்று போட்டிருக்கிறது. எதை நம்புவது? சித்தப்பாவின் நண்பர் நான்காம் ஸ்டேஜ் லிம்ஃபோமாவோடு 12 வருடமாக நன்றாக இருக்கிறாராம். அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் இரண்டாம் ஸ்டேஜிலேயே ஒரு வருடத்தில் போய்விட்டார். இரண்டு மாதத்தை வீணாக்கியது எங்கள் தவறா? நான் வேறு நாட்டில் வேலை செய்கிறேன். ஆறு வாரம்தான் விடுப்பு. அதை எப்போது எடுப்பது என்றுகூடத் தெரியவில்லை.
- பெயர் வெளியிட விரும்பாத ஒரு மகள்

பதில்:

நீங்கள் பார்த்த மூன்று எண்களுமே சரியானவைதான். மூன்றும் உங்கள் அப்பாவைப் போன்றவர்களைப் பற்றியவையும்கூட. ஆனால் மூன்றையும் கணக்கிட்ட காலம் வேறு, அளந்த கோல் வேறு. அதை முதலில் பார்த்துவிடலாம். அது புரிந்தால் உங்கள் மற்ற கேள்விகளில் பாதிக்குப் பதில் தானாகவே கிடைத்துவிடும்.

1993-இல் பல நாட்டு மருத்துவர்கள் சேர்ந்து, வேகமாக வளரும் லிம்ஃபோமா (நிணநீர் அணுக்களில் வரும் புற்றுநோய்) நோயாளிகள் ஆயிரக்கணக்கானவர்களின் பதிவுகளை அலசி, ஐந்தே கேள்விகள் கொண்ட ஒரு கணக்கை உருவாக்கினார்கள். சர்வதேச முன்கணிப்புக் குறியீடு என்று சொல்லலாம். மருத்துவமனைகளில் ஐபிஐ என்றுதான் சொல்வோம். வயது 60-ஐத் தாண்டிவிட்டதா? ஸ்டேஜ் மூன்றோ நான்கோ? எல்டிஹெச் என்ற நொதி ரத்தத்தில் இயல்பைவிட அதிகமா? வேலைக்குப் போக முடியாத அளவுக்கு, பகலிலும் படுக்க வேண்டிய அளவுக்கு உடல் தளர்ந்திருக்கிறதா? நெறிகளுக்கு வெளியே ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்புகளில் நோய் இருக்கிறதா? ஒவ்வொரு 'ஆமாம்'-க்கும் ஒரு மதிப்பெண். இந்தப் பரீட்சையில் மதிப்பெண் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அப்பாவுக்கு மூன்று. அன்றைய அட்டவணையில் மூன்று மதிப்பெண் பெற்றவர்களில் ஐந்து வருடம் உயிரோடு இருந்தவர்கள் 43 சதவீதம்.

அந்த நோயாளிகள் 1980-களில் சிகிச்சை பெற்றவர்கள். ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்தை அவர்கள் கண்டதே இல்லை. அது அமெரிக்காவில் அனுமதி பெற்றதே 1997-இல்தான். இன்று உங்கள் அப்பாவுக்கு ஏற்றப்போகும் மருந்துகளில் பெரும்பாலும் முதலில் இருப்பது அதுதான். அதனால் 43-ஐ மறந்துவிடுங்கள். அது வேறொரு காலத்து நோயாளிகளின் எண்.

2007-இல் கனடாவில், ரிட்டுக்ஸிமாப் சேர்த்துச் சிகிச்சை பெற்றவர்களிடம் அதே ஐந்து கேள்விகளை வைத்து மறுபடி கணக்குப் போட்டார்கள். ஒரு மதிப்பெண்ணும் இல்லாதவர்களில் நான்கு வருட முடிவில் 94 சதவீதம் பேர் இருந்தார்கள். ஒன்று, இரண்டு பெற்றவர்களில் 79. மூன்று முதல் ஐந்து வரை பெற்றவர்களில் 55. நீங்கள் பார்த்த 55 இதுதான். மூன்று வாங்கியவரையும் ஐந்து வாங்கியவரையும் ஒரே கூடையில் போட்டுச் சொன்ன எண் இது என்பதைக் கவனியுங்கள். அந்தக் கூடையில் உங்கள் அப்பா மேல்தட்டில் இருக்கிறார்.

2014-இல் வந்த கணக்கு இன்னும் நுணுக்கமானது. 61 வயதுக்காரரையும் 80 வயதுக்காரரையும் ஒன்றாக எண்ணுவது நியாயமில்லை என்று வயதைப் பல படிகளாகப் பிரித்தார்கள். எல்டிஹெச் கொஞ்சம் கூடியதா, மூன்று மடங்குக்கு மேல் ஏறியதா என்றும் பிரித்தார்கள். அதன்படி அப்பாவுக்கு வயதுக்கு இரண்டு, ஸ்டேஜுக்கு ஒன்று, எல்டிஹெச்சுக்கு ஒன்று, ஆக நான்கு. நான்கும் ஐந்தும் பெற்றவர்களில் ஐந்து வருட முடிவில் இருந்தவர்கள் 64 சதவீதம். ஆக, மனிதர் ஒருவர்தான். அளவுகோல்தான் மூன்று. ஒன்றை வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றால் கடைசியை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அதையும் இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டாம் என்பேன். இந்தக் கணக்குகளில் இறப்பு என்றால் எல்லா இறப்பும்தான். மாரடைப்பில் போனவர், கீமோ நேரத்துத் தொற்றில் போனவர், நோயாலேயே போனவர் எல்லோரும் ஒரே பக்கத்தில் எண்ணப்படுகிறார்கள். அறுபது, எழுபது வயதுக்காரர்கள் நிறைய இருக்கும் கூட்டத்தில் லிம்ஃபோமா இல்லாவிட்டாலும் ஐந்து வருடத்தில் சிலர் போயிருப்பார்கள்.

இன்னொன்று, என்னைப் பொறுத்தவரை இதுதான் முக்கியம். இந்த நோயில் ஆபத்து ஐந்து வருடத்துக்கும் சமமாகப் பரவியிருப்பதில்லை. திரும்பி வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள் வந்துவிடும். வரைபடத்தில் கோடு ஆரம்பத்தில் சரசரவென்று இறங்கும். அப்புறம் கிட்டத்தட்டப் படுத்துவிடும். கண்டுபிடித்து 24 மாதம் நோய் திரும்பாமல் கடந்துவிட்டவர்களின் ஆயுள், அதே வயதுள்ள பொதுமக்களின் ஆயுளுக்கு மிக நெருங்கி வந்துவிடுகிறது என்று 2014-இல் ஓர் ஆய்வு காட்டியது. அதாவது இன்று நீங்கள் பார்க்கும் 64, கிளம்பும் இடத்து எண். கீமோவின் நான்காவது சுற்றுக்குப் பிறகு ஸ்கேன் நன்றாக வந்தால் அது மாறும். சிகிச்சை முடிந்து வரும் ஸ்கேனில் நோய் தெரியவில்லை என்றால் இன்னும் மாறும். ஒரு வருடம், இரண்டு வருடம் என்று தாண்டத் தாண்டப் பழைய எண்ணுக்கு மதிப்பே இல்லாமல் போகும். நோயாளி தேறி வீட்டுக்குப் போய் மூன்று வருடமான பிறகும் முதல் நாள் படித்த சதவீதத்தை மனதில் வைத்துக்கொண்டு உறங்காமல் இருக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த வரிசையில் நீங்கள் சேர வேண்டாம்.

சரி, சித்தப்பாவின் நண்பருக்கு வருவோம். அவருக்கு எந்த லிம்ஃபோமா என்று கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். யாரும் கேட்பதில்லை. லிம்ஃபோமா என்பது ஒரு நோயின் பெயரல்ல, அது குடும்பப் பெயர். அதற்குள் அறுபதுக்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் மாமன் மச்சான் உறவுகூட இல்லாத அளவுக்கு வித்தியாசம். பிழைப்பதைத் தீர்மானிக்கும் காரணங்களில் முதலிடம் எதற்கு என்று கேட்டால், ஸ்டேஜுக்கு அல்ல, வகைக்குத்தான் தருவேன்.

ஃபாலிகுலர் என்றொரு வகை. மெதுவாக வளர்வது. கண்டுபிடிக்கும்போதே பெரும்பாலோர் மூன்றாம், நான்காம் ஸ்டேஜில்தான் இருப்பார்கள். சிலருக்கு வருடக்கணக்கில் மருந்தே கொடுக்காமல் கவனித்து மட்டும் வருவோம். நான்காம் ஸ்டேஜோடு 12 வருடம் என்பது அங்கே வியப்பே இல்லை. சித்தப்பாவின் நண்பருக்கு இதுவாக இருக்கலாம். அல்லது ஹாட்ஜ்கின் வகையாக இருக்கலாம். 1832-இல் தாமஸ் ஹாட்ஜ்கின் விவரித்த நோய் அது. இன்று பத்தில் எட்டுப் பேருக்கும் மேல் ஐந்து வருடம் தாண்டுகிறார்கள், பெரும்பாலோருக்கு முழுக் குணமே கிடைக்கிறது. வயிற்றில் வரும் மால்ட் என்ற வகையில், ஆரம்ப நிலையில், ஹெலிகோபாக்டர் கிருமியை ஆன்டிபயாடிக்கால் ஒழித்ததுமே லிம்ஃபோமாவும் பலருக்கு மறைந்துவிடுகிறது. கீமோவே வேண்டாம்.

வேகமாக வளர்வது என்றாலே மோசம் என்றும் இல்லை. பர்கிட் என்ற வகை, மனிதருக்கு வரும் கட்டிகளிலேயே மிக வேகமானவற்றில் ஒன்று. ஆனால் சரியான நேரத்தில் கடுமையான சிகிச்சை கொடுத்தால் குழந்தைகளில் பெரும்பாலோர் குணமாகிவிடுகிறார்கள். வேகமாகப் பிரியும் செல்லைத்தான் கீமோ சுலபமாகப் பிடிக்கிறது. மெதுவாக வளரும் வகைகளோ பல வருடம் வாழவிடும், ஆனால் முழுவதுமாக விட்டுப் போவது அரிது. உங்கள் அப்பாவுக்கு வந்திருப்பது வேகமான வகை, ஆனால் குணப்படுத்தக்கூடிய வகை. இந்த இரண்டு வார்த்தைகளும் ஒரே வாக்கியத்தில் வரும் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. இரண்டாம் ஸ்டேஜில் போய்விட்ட அப்பாவின் சகாவுக்கு என்ன வகை, என்ன மரபணு மாற்றம், என்ன சிகிச்சை, கூட வேறு என்ன நோய் என்று எதுவும் நமக்குத் தெரியாது. அவரை வைத்து அப்பாவை அளக்காதீர்கள்.

'மூன்றாம் ஸ்டேஜ்' என்றதும் வந்திருக்கும் பயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மற்ற பல புற்றுநோய்களில் நோய் பரவிவிட்டால் குணம் என்ற பேச்சு ஏறக்குறைய முடிந்துவிடும். அந்த அர்த்தத்தை இங்கே கொண்டுவராதீர்கள். 1971-இல் ஆன் ஆர்பர் நகரில் வகுத்த ஸ்டேஜ் முறையில், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்துக்கு மேலும் கீழும் நெறிகளில் நோய் இருந்தால் அது மூன்று. அவ்வளவுதான். லிம்ஃபோசைட் என்பதே உடம்பு முழுக்கச் சுற்றித் திரியும் அணு, ஊர்சுற்றுவதுதான் அதன் பிழைப்பு. அதில் வரும் நோய் இரண்டு இடத்தில் இருப்பது அதன் இயல்பு. அறுவை சிகிச்சை செய்து எடுக்கப்போவதில்லை. ரத்தத்தில் ஏறும் மருந்து கழுத்துக்கும் போகும், வயிற்றுக்கும் போகும்.

எல்டிஹெச் பற்றிப் பலரும் கேட்பார்கள். அது செல்கள் உடையும்போது ரத்தத்தில் கசியும் ஒரு நொதி. கட்டியின் சுமை எவ்வளவு, எவ்வளவு வேகமாகச் செல்கள் பெருகிச் சாகின்றன என்பதை மறைமுகமாகக் காட்டும். அதைத் தனியாகக் குறைக்க மருந்து கிடையாது, தேவையும் இல்லை. கட்டி கரைந்தால் தானே இறங்கும். ரத்தம் எடுத்த குழாயில் சிவப்பணுக்கள் உடைந்திருந்தாலும் எல்டிஹெச் பொய்யாக ஏறும். கொஞ்சம்தான் கூடுதல் என்றால் அதையே நினைத்துக்கொண்டு இருக்க வேண்டாம்.

ஐந்து கேள்விகளில் நான் அதிகம் மதிப்பது உடல் தெம்பைத்தான். அப்பா தன் வேலைகளைத் தானே செய்துகொள்கிறார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு நிம்மதி தந்த வரி அதுதான். தெம்பாக இருப்பவர் முழு அளவு மருந்தைத் தாங்குவார், தொற்று வந்தாலும் மீள்வார். வயது ஏன் கெடுதல் செய்கிறது என்று பார்த்தாலும் பாதி விடை இதுதான்: வயது கூடினால் இதயமும் சிறுநீரகமும் தளர்கின்றன, மருந்தின் அளவைக் குறைக்க வேண்டி வருகிறது, சுற்றுகள் தள்ளிப்போகின்றன. மீதிப் பாதி, முதியவர்களுக்கு வரும் கட்டியின் தன்மையே கொஞ்சம் முரடாக இருப்பது. சில நேரம் நோயே தெம்பைத் தின்றிருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு முதல் கீமோவுக்கு முன் சில நாள் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்துத் தேற்றிவிட்டுத் தொடங்குவோம். முதியவர்களுக்கு முதல் சுற்றின் ஆபத்தை அது குறைக்கிறது. அப்பா 67-இல் இருப்பதால் அது தேவையா என்று மருத்துவரைக் கேட்கலாம்.

ஐபிஐ கேட்காத ஒரு கேள்வியும் இருக்கிறது: கட்டியின் உள்ளே என்ன நடக்கிறது? பயாப்ஸி ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். கேஐ-67 என்று ஒரு சதவீதம் இருக்கும். 80, 90 என்று பார்த்துப் பதறி என்னிடம் வருகிறவர்கள் ஏராளம். எத்தனை செல்கள் பிரிந்துகொண்டிருக்கின்றன என்பதன் அளவு அது. இந்த வகையில் அது உயரமாக இருப்பது சகஜம், அதை வைத்துச் சிகிச்சையை மாற்றுவதில்லை. மேன்டில் செல் என்ற வேறொரு வகையில் 30-க்கு மேல் போனால் கவலைப்படுவோம். இங்கே இல்லை.

கவனிக்க வேண்டியது மிக் (MYC), பிசிஎல்2 (BCL2) என்ற இரண்டு மரபணுக்கள். இந்த இரண்டும் இடம் மாறி ஒட்டிக்கொண்டிருந்தால் அதை 'டபுள் ஹிட்' என்போம். அது முரட்டு வகை, பல நேரம் வழக்கமான சிகிச்சையைவிடக் கடுமையானது தேவைப்படும். இதைக் கண்டுபிடிக்க ஃபிஷ் என்ற சோதனை செய்ய வேண்டும். ரிப்போர்ட்டில் 'டபுள் எக்ஸ்பிரஸர்' என்று இருந்தால் அது வேறு. அங்கே புரதம் மட்டும் கூடுதலாகச் சாயம் ஏறியிருக்கிறது. முன்னதைவிடப் பாதகம் குறைவு. இரண்டையும் குழப்பிக்கொண்டு இரவெல்லாம் அழுத குடும்பங்கள் உண்டு. 'ஃபிஷ் செய்தாயிற்றா, முடிவு என்ன' என்று அடுத்த சந்திப்பில் கேளுங்கள். முடிவு வராமல் முதல் சுற்று தொடங்கினாலும் தவறில்லை, இரண்டாவது சுற்றுக்குள் தெரிந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

'நான்-ஜிசிபி' என்று இருந்தால்? கட்டி எந்தக் கட்டத்து பி அணுவிலிருந்து (லிம்ஃபோசைட்டில் ஒரு வகை) கிளம்பியது என்பதைச் சொல்வது அது. 2000-ஆவது ஆண்டு வாக்கில் இந்தப் பிரிவைக் கண்டுபிடித்தபோது பெரிய நம்பிக்கை இருந்தது. நான்-ஜிசிபி வகை சராசரியாகக் கொஞ்சம் பின்தங்கியிருக்கிறது, உண்மைதான். ஆனால் தனி ஒருவரின் விதியை அதை வைத்துச் சொல்ல முடியாது.

இப்போது சிகிச்சை. அப்பாவுக்கு ஆர்-சாப் என்ற ஐந்து மருந்துத் தொகுப்பைத்தான் தருவார்கள் என்று நினைக்கிறேன். ரிட்டுக்ஸிமாபும் மூன்று கீமோ மருந்துகளும் ஒரே நாளில் ஊசியாக ஏறும், ஸ்டீராய்டு மாத்திரை ஐந்து நாள். 21 நாளுக்கு ஒரு சுற்று, வழக்கமாக ஆறு சுற்று. 60 முதல் 80 வயது வரையுள்ளவர்களிடம் நடந்து 2002-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், ரிட்டுக்ஸிமாப் இல்லாத பழைய சாப் மட்டும் பெற்றவர்களில் இரண்டு வருடத்தில் 57 சதவீதம் பேர் இருந்தார்கள், ரிட்டுக்ஸிமாப் சேர்த்தவர்களில் 70. பத்து வருடம் கழித்துப் பார்த்தபோதும் அந்த இடைவெளி அப்படியே இருந்தது. அப்பாவின் வயதுக்காரர்களிடமே நடந்த ஆய்வு இது. ஐந்து மருந்தில் ஒன்றான வின்கிரிஸ்டினை எடுத்துவிட்டுப் போலாட்டுசுமாப் என்ற புதிய மருந்தைச் சேர்ப்பதும் இப்போது உண்டு. நோய் திரும்புவதை அது ஓரளவு குறைத்தது. 2022-இல் வெளியான முடிவுகளில் மொத்த ஆயுளில் வித்தியாசம் தெரியவில்லை. கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டால் ஏமாற்றப்பட்டதாக எண்ண வேண்டியதில்லை.

குடும்பத்தின் கையில் இருக்கிற காரணங்கள் என்று சில உண்டு. அவை அட்டவணையில் வராது, ஆனால் நான் இழந்த சில நோயாளிகளை நினைக்கும்போது இவைதான் நினைவுக்கு வருகின்றன.

முதலில் காய்ச்சல். மருந்து ஏறி ஏழு நாள் முதல் பதினான்கு நாள் வரை வெள்ளணுக்கள் அடியில் கிடக்கும். அந்த நேரத்தில் 38 டிகிரி, அதாவது ஃபாரன்ஹீட்டில் 100.4 தொட்டாலே அது அவசரம். காலையில் பார்த்துக்கொள்ளலாம், ஒரு மாத்திரை போட்டுப் பார்க்கலாம் என்பதெல்லாம் கிடையாது. இரவு இரண்டு மணி என்றாலும் கிளம்ப வேண்டும். ஊசி ஆன்டிபயாடிக் எத்தனை சீக்கிரம் ஏறுகிறதோ அத்தனை நல்லது. வெள்ளணுக்களைத் தூண்டும் ஊசி உண்டு. 65-ஐத் தாண்டியவர்களுக்கு ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் அதைப் போடுவதே வழக்கம். அப்பாவுக்குத் திட்டத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

அடுத்தது ஹெபடைட்டிஸ் பி. ரத்தத்தில் எப்போதோ வந்துபோன இந்த வைரஸ் ஈரலில் சத்தமில்லாமல் படுத்துக்கிடக்கும். ரிட்டுக்ஸிமாப் ஏறியதும் எழுந்துகொண்டு ஈரலையே அழித்துவிடக்கூடும். வைரஸின் மேலோட்டுப் புரதம், உள்கருவுக்கான எதிரணு என்று இரண்டு சோதனைகளும் முதல் சுற்றுக்கு முன்பே செய்திருக்க வேண்டும். முதல் சோதனை மட்டும் செய்து 'இல்லை' என்று விட்டுவிடுவது நான் அடிக்கடி பார்க்கும் குறை. இருந்தால் பயமில்லை, தினம் ஒரு மாத்திரையில் அடக்கி வைக்கலாம். ஆனால் கீமோ முடிந்ததும் அதை நிறுத்திவிடக் கூடாது, குறைந்தது ஒரு வருடமாவது தொடர வேண்டும்.

இதயத்துக்கு எக்கோ எடுத்திருப்பார்கள். தொகுப்பில் உள்ள டாக்ஸோரூபிசின் மருந்து இதயத் தசையைத் தாக்கக்கூடியது, அதனால் ஆயுள் முழுக்க இவ்வளவுதான் என்று ஓர் உச்சவரம்பு உண்டு. ஆறு சுற்று அந்த வரம்புக்குள்தான் அடங்குகிறது. சர்க்கரை நோய் இருந்தால் ஸ்டீராய்டு எடுக்கும் ஐந்து நாளும் சர்க்கரை எகிறும், அதற்கு முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும். விரல் நுனி மரத்துப்போவது, மலச்சிக்கல் இரண்டையும் அப்பா சொல்லாமல் மறைப்பார். ஆண்கள் பெரும்பாலும் மறைப்பார்கள். வின்கிரிஸ்டினின் வேலை அது, சொன்னால் அளவைச் சரிசெய்யலாம்.

இவற்றோடு, சுற்றுகள் நாள் தவறாமல் நடப்பது. வெள்ளணு குறைந்து ஒரு வாரம் தள்ளிப்போனால் குடி முழுகிவிடாது. ஆனால் 'உடம்பு தேறட்டும்' என்று வீட்டிலேயே முடிவெடுத்து மூன்று வாரத்தை ஐந்து வாரமாக்குவது, கட்டி கரைந்துவிட்டதே என்று நாலாவதோடு நிறுத்துவது, இவை வேறு. கட்டி கண்ணுக்கு மறைவது இரண்டாவது சுற்றிலேயே நடக்கும். நோய் ஒழிவது அப்போது அல்ல. கூடவே மூலிகைப் பொடியோ கஷாயமோ கொடுப்பதாக இருந்தால் மருத்துவருக்குத் தெரியாமல் கொடுக்காதீர்கள். ஈரல் கெட்டால் கீமோவைத்தான் நிறுத்த வேண்டிவரும். எடை குறையாமல் பார்த்துக்கொள்வதும், படுக்கையிலேயே கிடக்காமல் தினமும் நடப்பதும் மருந்துக்குச் சமமான விஷயங்கள்.

அந்த இரண்டு மாதம். கழுத்தில் வரும் நெறிகளில் பெரும்பாலானவை தொற்றால் வருபவை, அதனால் எந்த மருத்துவரும் முதலில் ஆன்டிபயாடிக்தான் எழுதுவார். இரண்டு மாதம் என்பது அதிகம்தான், நான்கு வாரத்தில் கரையாத கட்டியைப் பயாப்ஸிக்கு அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் அந்தத் தீர்மானம் உங்களுடையது அல்ல. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, 2018-இல் வெளியான ஓர் ஆய்வு சொல்வதைக் கேளுங்கள். நோய் என்று உறுதியான நாளிலிருந்து சிகிச்சை தொடங்கும் வரை இடைவெளி மிகக் குறைவாக இருந்தவர்களுக்குத்தான் முடிவு மோசமாக இருந்தது. ஏனென்றால் நோய் முற்றித் துடித்துக்கொண்டு வந்தவர்களுக்குத்தான் உடனே தொடங்கினார்கள். பொறுமையாக நாள் குறிக்க முடிந்த நோயாளி என்றாலே அவர் கொஞ்சம் நல்ல நிலையில் இருப்பவர். காத்திருப்பது நல்லது என்று இதற்குப் பொருள் இல்லை. இரண்டு மாதம் கழித்தும் தெம்போடு நடமாடும் ஒருவரிடம் அந்தத் தாமதம் எல்லாவற்றையும் பறித்துக்கொண்டு போய்விடவில்லை என்றுதான் பொருள்.

மனதைத் தைரியமாக வைத்திருந்தால் பிழைப்பார் என்று யாராவது அப்பாவிடம் உபதேசம் செய்தால் தடுங்கள். பயந்துபோய் அழுத நோயாளிகளும் குணமாகியிருக்கிறார்கள், சிரித்துக்கொண்டே இருந்தவர்களும் போயிருக்கிறார்கள். தூக்கமே இல்லாமல் மனம் உடைந்து கிடந்தால் அதற்கு மருத்துவம் செய்ய வேண்டும், அது வேறு. எண்களை அப்பாவிடம் சொல்வதா என்பதை அவரிடமே கேளுங்கள். 'டாக்டர் கணக்கு ஏதோ சொன்னார், உனக்குத் தெரிய வேண்டுமா, வேண்டாமா' என்றால் போதும். சிலர் வேண்டும் என்பார்கள், சிலர் பேச்சை மாற்றுவார்கள். இரண்டுமே பதில்தான்.

நோய் திரும்பினால் என்ன என்றும் மனதின் ஓரத்தில் ஓடும். முன்பு அதற்குப் பிறகு வழிகள் குறைவு. 2017 முதல், நோயாளியின் சொந்த டி அணுக்களை (நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களில் ஒரு வகை) எடுத்து, கட்டியை அடையாளம் காணும்படி மாற்றி மறுபடி ஏற்றும் கார்-டி சிகிச்சை வந்திருக்கிறது. டி அணுவையும் கட்டியையும் ஒரே கயிற்றில் கட்டிப்போடும் இருமுனை எதிரணு மருந்துகளும் வந்திருக்கின்றன. நீங்கள் பார்த்த எண்கள் கணக்கிடப்பட்டபோது இவை புழக்கத்தில் இல்லை. இப்போதைக்கு இது போதும், தேவைப்பட்டால் அப்போது பேசலாம்.

கடைசியாக உங்கள் ஆறு வாரம். இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று வாரத்தைக் கீமோ தொடங்கும் நாளிலிருந்து எடுங்கள். முதியவர்களுக்குச் சிகிச்சையால் வரும் பெரிய சிக்கல்கள் பெரும்பாலும் முதல் சுற்றில்தான் வரும். கட்டி ஒரேயடியாக உடைந்து ரத்தத்தில் உப்புகள் ஏறுவதும் அப்போதுதான், தொற்றும் அப்போதுதான், வீட்டில் யாருக்கும் பழக்கம் இல்லாத நேரமும் அதுதான். ஒரு வெப்பமானி வாங்கி அம்மாவுக்குப் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். மருத்துவமனையின் இரவு நேரத் தொலைபேசி எண்ணை எல்லோர் கைபேசியிலும் ஏற்றிவிடுங்கள். இரண்டாவது சுற்று ஏறும் வாக்கில் நீங்கள் கிளம்பலாம். மீதி மூன்று வாரத்தைச் சிகிச்சை முடிவில் வரும் பெட் ஸ்கேனுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆறாவது சுற்று முடிந்து ஆறு முதல் எட்டு வாரத்தில் எடுப்பார்கள். ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் வரும்: மூன்று வரை நல்ல செய்தி, நான்கோ ஐந்தோ என்றால் வீக்கமாகவும் இருக்கலாம், நோயாகவும் இருக்கலாம், பல நேரம் மறுபடி பயாப்ஸி செய்து உறுதிப்படுத்திக்கொண்டுதான் அடுத்த முடிவு எடுப்போம். நாளைக் கணக்கிட்டால் இன்றிலிருந்து சுமார் ஐந்தரை மாதம். அன்று உங்கள் மருத்துவரிடம் 'இப்போது அப்பாவின் எண் என்ன' என்று மறுபடி கேளுங்கள். அன்றைக்கு அவர் சொல்வது இந்த மூன்றில் எதுவாகவும் இருக்காது.